முதுகில் ஊசியா, முழு மயக்கமா? அப்பாவின் ஆபரேஷனுக்கு நாங்கள் எடுத்த முடிவு

அப்பாவுக்கு வயது 67. வீடு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில். இளவயதில் கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர், அப்புறம் முப்பது வருஷம் நாட்டுப்படகு. வலை இழுத்த உடம்பு, கூடவே ஓயாத பீடி இருமல். வலது தொடை இடுக்கில் குடல் இறங்கிவிட்டது, ஹெர்னியா என்பார்களே அதுதான். ஆபரேஷன் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த மயக்கம் என்பதில்தான் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு ஓடியது.

மதுரையில் பார்த்த சர்ஜன் வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்யலாம், முழு மயக்கம் கொடுப்போம் என்றார். ராமநாதபுரத்தில் பார்த்தவர், அந்த இடத்தில் மட்டும் திறந்து மெஷ் என்கிற சின்ன வலைத்துண்டு வைத்துத் தைப்பேன், அதற்கு முதுகுத்தண்டில் ஒரு ஊசி போதும் என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தது முழு மயக்கத்தில். ஆக, இரண்டு வகைக்கும் தியேட்டர் வாசலில் காத்திருந்தவன் நான். நாங்கள் தேர்ந்தெடுத்தது முதுகு ஊசி. இன்னொரு முறை கேட்டாலும் அப்பாவுக்கு அதையேதான் சொல்வேன்.

செலவு, தழும்பு, வீடு திரும்பும் நாள் இதெல்லாம் எல்லோரும் பேசுவதுதான். லேப்ராஸ்கோப்பியில் தழும்பு சின்னது, வேலைக்கும் கொஞ்சம் சீக்கிரம் திரும்பலாம். எங்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் தம்பி வீட்டில் இருப்பான், அப்பாவைத் தூக்கிப் பிடிக்க ஆள் உண்டு. அதனால்தான் தேதியையே மே மாதத்தில் வைத்தோம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: அப்பாவின் நுரையீரல்.

ராமநாதபுரத்தில் மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே ஒருநாள் வரச் சொல்லியிருந்தார். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "ஐயா, நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று கடிகாரத்தைப் பார்த்தார். 25 விநாடிக்கு மேல் நின்றால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. அப்பா 16-லேயே விட்டுவிட்டு இருமினார். கடலுக்கு அடியில் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கிய மனுஷன். அந்த இருமல் அடங்கும் வரை டாக்டர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் போகும், தசைகளைத் தளர்த்தும் மருந்து போகும், மூச்சை மெஷின் கொடுக்கும். அந்த நேரத்தில் நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். நல்ல நுரையீரல் எழுந்து உட்கார்ந்ததும் விரிந்துவிடும். பீடி பிடித்தவருக்கு அந்த இடத்தில் சளி தங்கும், நிமோனியா வரை போகலாம். லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றைக் கார்பன் டை ஆக்ஸைடு நிரப்பி உப்ப வைக்க வேண்டும். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும், உடம்பில் ஏறிய அந்த வாயுவை வெளியேற்றும் வேலையும் அதே நுரையீரலுக்குத்தான். கடைசியில் டியூபை எடுக்கும்போது இப்படிப்பட்டவர்களுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு இருமலும் அடிவயிற்றில் போட்ட புதுத் தையலை இழுக்கும்.

முதுகு ஊசியில் டியூப் இல்லை. அப்பா தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டு, சளி வந்தால் தானே செருமிக்கொண்டு கிடப்பார். எனக்கு இந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

எந்த மயக்கமானாலும் பீடியை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றும் அவர் சொன்னார். நல்லவேளை, தவக்காலம் தொடங்கிய அன்றே அப்பா பீடியைத் தூக்கிப் போட்டிருந்தார். ஆபரேஷனுக்குள் இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால்தான் நுரையீரலுக்கு உருப்படியான பலன் என்கிறார்கள்.

தியேட்டரில் நடந்ததை அப்பாவே சொன்னார். மேசையில் உட்கார வைத்து மடியில் தலையணை கொடுத்து, "வலை பின்னும்போது எப்படிக் குனிவீங்களோ, அப்படிக் குனிங்க ஐயா" என்றாராம் டாக்டர். முதுகில் ஜில்லென்று மருந்து தடவி, தோலை மரக்க வைக்க ஒரு குட்டி ஊசி, பிறகு மெல்லிய நீள ஊசி. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, அதைச் சுற்றியுள்ள நீரில், மூன்று மில்லி அளவு மருந்துதான். முதலில் கால் கதகதவென்று சூடாகி, பிறகு இரண்டு காலும் நங்கூரம் மாதிரி கனத்துப்போனதாம். ஈரப் பஞ்சை வயிற்றில் வைத்து, "ஜில்லுன்னு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்து, எதுவரை மரத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சர்ஜனைத் தொடவிட்டார். பேச்செல்லாம் காதில் விழுமே என்ற பயம் அப்பாவுக்கு இருந்தது. லேசாகத் தூக்கம் வர மருந்து கொடுத்ததில் பாதி நேரம் தூங்கிவிட்டார்.

இதிலும் தொல்லை உண்டு. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்பாவுக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இறங்கி, மருந்து கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள். ராத்திரி சிறுநீர் பிரியவில்லை, டியூப் வைத்துத்தான் எடுத்தார்கள். புராஸ்டேட் வீங்கிய வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடக்குமாம், எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். ஊசி போட்ட துளை வழியே நீர் கசிந்தால், உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி சில நாள் வரலாம். பெரும்பாலும் வயதில் இளையவர்களுக்குத்தான் வரும், அப்பாவுக்கு வரவில்லை. ஊரில் எல்லோரும் பயமுறுத்தும் 'காலம் முழுக்க முதுகுவலி'க்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது.

ஊசிதானே என்று காலையில் டீ குடித்துவிட்டுப் போய்விடக் கூடாது. மரப்பு தேவைக்கு மேல் ஏறினாலோ, ஊசி சரியாகப் பிடிக்காவிட்டாலோ, அங்கேயே முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும். அதனால் ஆறு மணி நேரத்துக்குச் சாப்பாடு கூடாது, கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது. முழு மயக்கத்துக்கான மெஷினும் டாக்டரும் கடைசித் தையல் வரை பக்கத்திலேயே இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு மயக்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அம்மாவுக்கு நன்றாகவே முடிந்தது, இரண்டு நாள் தொண்டை கரகரத்தது, அவ்வளவுதான். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி, வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கருவி, இந்த இரண்டும் வந்த பிறகு அது முன்பு இருந்ததைவிட எவ்வளவோ பத்திரமாகிவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2021-ல் வந்தது. உயிர் பிழைப்பதிலும் திரும்ப நடப்பதிலும் முதுகு ஊசி மேல் என்று அதில் தெரியவில்லை. ஆக, நெஞ்சு சுத்தமாக இருப்பவருக்கு நான் ஊசிதான் என்று மல்லுக்கு நிற்க மாட்டேன்.

அம்மா விஷயத்தில் என் மனதை உறுத்துவது வேறு. அந்தத் தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டரை நாங்கள் முதலில் பார்த்ததே தியேட்டர் வாசலில். அம்மாவுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்போது நானாக ஓடிப்போய்ச் சொன்னேன். டியூப் போடும்போது அந்தப் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்? இதை ஊசிக்கும் மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசமாக எண்ண வேண்டாம். முன்கூட்டி ஒருநாள் உட்கார்ந்து பேசும் டாக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள், அது மதுரையோ ராமநாதபுரமோ.

என் அனுபவம் இந்த இரண்டு பேரோடு முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு முதுகு ஊசியில் தண்டுவடத்தின் பக்கம் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. குளோபிடோக்ரெல் மாதிரி சில மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அதையும் நாமாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணத்தைக்கூட மயக்க மருந்து டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் வேண்டாம் என்று எடுத்து வைத்தார்.