தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது: போர்டிங்கா, வீட்டுக்கு வரும் ஆளா?

நாயையோ பூனையையோ நாலு நாள் யாரிடம் விடுவது என்று தவிப்பவர்களுக்காக இது. போர்டிங் என்றால் காசு வாங்கிக்கொண்டு நாய், பூனைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்; வீட்டுக்கு வரும் ஆள் என்றால் உங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்பவர்.

செலவு
போர்டிங்: தலைக்கு இவ்வளவு என்று நாள் கணக்கு. ஒரு நாய் என்றால் கட்டுப்படியாகும்.
வீட்டுக்கு வருபவர்: பெரும்பாலும் ஒரு தடவை வந்துபோக இவ்வளவு. மூன்று பூனை இருந்தால் இதுதான் மலிவு.

தொற்று
போர்டிங்: பல நாய்கள் சேருமிடம். ரேபிஸ், பார்வோ (கடும் வாந்தி, பேதி தரும் வைரஸ்) தடுப்பூசிகளோடு கென்னல் காஃப் (நாய்களுக்குள் பரவும் இருமல்) தடுப்பு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும்.
வீடு: அந்தப் பயம் குறைவு.

பல பூனைகளுக்கு இடம் மாறினால் சாப்பாடே இறங்காது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனைக்கு வீடுதான்.

நாய்க்கு அப்படியில்லை. வந்துபோகிற ஆள் காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் இருப்பார். ராத்திரி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாயை யார் பார்ப்பது? மிரண்ட நாய் கதவு திறந்ததும் ஓடிவிடும். இரவு தங்கும் ஆள் கிடைத்தால் சரி, இல்லையென்றால் இரவிலும் ஆளிருக்கும் போர்டிங்.

மாத்திரை சாப்பிடும் வயதான நாய் என்றால் காசு கூடினாலும் வீட்டிலேயே தங்கும் ஆளை வையுங்கள். கிளம்புமுன் உங்கள் கண்ணெதிரே ஒரு வேளை மாத்திரையை அவரையே கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.