மடிப்பாக்கம் வீட்டை விற்பனைக்குத் தயார்செய்த அனுபவம்: ஓராண்டுக்குப் பின்

பெற்றோர் கட்டிய மடிப்பாக்கத்துத் தனி வீட்டைச் சீர்செய்து, பலருக்கும் காட்டி, பத்திரப் பதிவையும் முடித்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. எந்தச் செலவு பலன் தந்தது, எது எடுபடவில்லை என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. சென்னையின் தென்பகுதியில் பழைய வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரின் நிறத்தைவிடத் தண்ணீரையும் தஸ்தாவேஜுகளையுமே துருவிப் பார்க்கிறார்கள். எனவே விற்பவரின் பணமும் உழைப்பும் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மடிப்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை ஊராட்சியாக இருந்த பகுதி. அதனால் இங்குள்ள பழைய வீடுகளின் வரைபட அனுமதியில் ஊராட்சி முத்திரைதான் இருக்கும். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் அந்த வரைபடத்தைக் கட்டாயம் கேட்பார். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் பழைய பத்திரம்), கிரயப் பத்திரம், வரைபடம், பட்டா, சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்தோம். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் தேடிப் பார்க்க முடிகிறது என்பதால் அதையும் முன்கூட்டியே எடுத்துச் சேர்த்தோம். அப்பா காலமான பிறகும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று கொடுத்து அதை அம்மா பெயரிலும் எங்கள் பெயரிலும் மாற்றுவதற்கு, வெள்ளையடிப்பதைவிட அதிக காலம் பிடித்தது. அந்த வேலை முடியும் வரை வீட்டை யாருக்கும் காட்டுவதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். பேரம் படிந்த பிறகு பட்டாவுக்காக யாரையும் காக்க வைக்கும் நிலை வராததற்கு அவரே காரணம். கோப்பின் நகல்களைப் பார்க்கக் கொடுத்தபோது ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதியே கொடுத்தோம்.

பழுதுபார்ப்பில் மிகவும் படுத்தியது படுக்கையறைச் சுவரின் ஓதம். தரையிலிருந்து இடுப்பளவு வரை உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே பூச்சு மாவாக உதிர்ந்தது. மேலே ஒரு கோட்டிங் அடித்தால் போதும் என்று சொன்னவர்கள் பலர். ஆனால் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. உள்ளே புதைத்திருந்த பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. ஓடுகளை உடைத்து, துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் மாற்றி, பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, மின்விசிறி வைத்துச் சில வாரம் காயவிட்ட பிறகே நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து மறுபடி பூசினோம். அதன்பின் ஒரு மழைக்காலம் முழுதும் கடந்த பிறகும் அந்தச் சுவர் ஈரம் காட்டவில்லை என்று வாங்கியவரே சொன்னார். ஈரம் காயாத சுவரில் எத்தனை விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அது கொப்புளித்துவிடும். அந்தப் பணத்தைக் குழாய்க்குச் செலவிடுவதே மேல். கூடத்தின் ஒரு சுவருக்கு மட்டும் அடித்த டெக்ஸ்சர் பெயின்டைப் பற்றி வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பரணைக் காலிசெய்ததும் ஜன்னல் கொசுவலைகளை மாற்றியதும் சிறு செலவுதான் என்றாலும், வீடே விசாலமாகத் தெரிந்தது.

வீட்டைப் பெரும்பாலும் காலை வேளையில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே காட்டினோம். ஒரு பெரியவர் நேராகக் கொல்லைப்புறம் போய், “மோட்டார் போடாமல் கிணற்றைக் காட்டுங்கள் தம்பி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்” என்றார். பிறகு குழாய் நீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். அவருடைய மகளுக்குச் சமையலறை பிடித்திருந்தாலும் முடிவு அந்தக் கிணற்றடியில்தான் ஆனது. தொட்டியையும் கிணற்றையும் தூர்வாரிச் சுத்தம் செய்து வைத்திருந்தது அங்கே கைகொடுத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே நாங்கள் சொல்லிவிடுவோம். தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது, வாசற்படியில் எந்தப் படி வரை ஏறியது என்பதை இடத்திலேயே காட்டினோம். சிலர் அத்தோடு கிளம்பிவிட்டார்கள். தங்கியவர்கள் பின்னர் அதைச் சொல்லி விலையைக் குறைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது எங்கள் பேச்சு சரியாக இருந்தது கோப்பின் மீதும் அவர்களுக்கு நம்பிக்கையைக் கொடுத்தது.

விலை பேசும்போது, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் தருகிறேன் என்று கேட்டவர்களை அப்போதே மறுத்துவிட்டோம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும். அது நம் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவியோடு, ஒவ்வொரு வால்வும் எந்தக் குழாய்க்கு உரியது என்று எழுதிய தாளையும், மோட்டாரின் உத்தரவாத அட்டையையும், புதிய குழாய் சுவருக்குள் போகும் வழியைப் பூசுவதற்கு முன் எடுத்த புகைப்படங்களையும் கொடுத்தோம். குளியலறையில் வெந்நீர் ஹீட்டரை இடம் மாற்றியபோது எங்கே துளையிடலாம் என்பதை அந்தப் புகைப்படங்களை வைத்தே முடிவு செய்ததாக வாங்கியவர் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார்.