இங்கிலாந்தின் சூனிய வழக்குகள்: எந்தத் தாளில் தொடங்குவது?

இங்கிலாந்தின் சூனிய வழக்குகளைப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது, வழக்கு முடிந்த கையோடு அச்சான சிறுநூல்களைத்தான். காரணம் உண்டு, அவற்றில் கதை இருக்கிறது. 1612 ஆகஸ்டில் லங்காஸ்டரில் நடந்த, பெண்டில் மலைப்பகுதி ஆட்கள்மீதான வழக்கையே பாருங்கள். ஜெனட் டிவைஸ் என்ற சிறுமிக்கு ஒன்பது வயதுதான் இருக்கும். தாய்க்கு எதிராகவே சாட்சி சொல்ல வருகிறாள். மகளைப் பார்த்ததும் தாய் எலிசபெத் அலறுகிறாள். அவளை வெளியே இழுத்துப் போய்விட்டு, பிள்ளையை மேசைமேல் ஏற்றி நிறுத்திப் பேச வைக்கிறார்கள். படித்தால் தூக்கம் வராது.

ஆனால் இந்த வழக்கைச் சிறுநூலாக எழுதிய தாமஸ் பாட்ஸ் அதே நீதிமன்றத்தின் எழுத்தர். நீதிபதிகள் கேட்டுக்கொண்டதால் எழுதினார்; நீதிபதி ப்ராம்லி பார்த்துத் திருத்திய பிறகே 1613இல் அச்சேறியது. தாய் சபித்தாள், கத்தினாள் என்று எழுதியவர், அவள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது.

குற்றப்பத்திரிகைகள் நேர் எதிர். லத்தீனில், ஒரே வாய்பாட்டில், பெயர், ஊர், தேதி, செத்தது ஆளா மாடா என்பதோடு முடிந்துவிடும். எசெக்ஸ், கென்ட் பகுதிகளுக்கு 1559 முதலே நிறைய மிஞ்சியிருக்கின்றன. விடுதலையானவர்களும் பதிவாகியிருப்பதால், எண்ணிக்கை வேண்டுமென்றால் இவைதான் கைகொடுக்கும். தொழில், ஊர் விவரங்களை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஜோதிடக் குறிப்பேடுகளில் தொடங்குங்கள். ஜோதிடம் பார்த்து வைத்தியம் செய்த சைமன் ஃபோர்மனும், அதே வேலையைச் செய்த கிரேட் லின்ஃபோர்டு ஊர்ப் பாதிரியார் ரிச்சர்ட் நேப்பியரும் 1596 முதல் 1634 வரை எழுதியவை. சுமார் 80,000 பதிவுகள். ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். கையெழுத்து படுமோசம், பொறுமை வேண்டும். வந்தவர் பெயர், வயது, கேட்ட நேரம், அந்த நேரத்துக்குப் போட்ட கட்டம், அப்புறம் கேள்வி: இது நோயா, யாராவது சூனியம் வைத்தார்களா?

சூனியக்காரி என்று சந்தேகிக்கப்பட்டவளின் பேச்சு இங்கேயும் கிடைக்காது, அது பெரிய குறைதான். ஆனால் பாட்ஸின் நூலில் நாம் காண்பது தூக்குமேடை வரை போன வழக்கு. இந்த ஏடுகளிலோ, நீதிமன்றப் படியே ஏறாத சந்தேகங்கள், வயிற்றுவலியோடும் செத்துப்போன குழந்தையோடும் சேர்த்து எழுதப்பட்டுக் கிடக்கின்றன.