பிப்ஸ் பிரிட்ஜில் படுத்துக்கிடக்கும் வெள்ளைக் கோடு

தென்மேற்கு லண்டனில் பிப்ஸ் பிரிட்ஜ் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கும் நண்பர், "டிராமை நம்பி வரலாமா?" என்று போனில் கேட்டார். ஆறு வருடமாக அங்கே டிராம் ஏறி, விம்பிள்டனில் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவன் நான். ஆனாலும் உடனே பதில் வரவில்லை. அன்று காலைதான் ஒரு ரயிலைத் தவறவிட்டிருந்தேன்.

காரணம் பழையதுதான். நிறுத்தத்தை விட்டு, விம்பிள்டன் திசையில் அடுத்த நிறுத்தமான மார்டன் ரோடு பக்கம் கிளம்பியதும் இரண்டு தடமும் ஒன்றாகிவிடும். எதிரே ஒரு டிராம் அதற்குள் நுழைந்துவிட்டால், அது வெளியே வரும்வரை நம்முடையது நிற்க வேண்டியதுதான். டிராம் சிக்னலில் சிவப்பும் பச்சையும் கிடையாது. வெள்ளைக் கோடு படுத்திருந்தால் நிற்க வேண்டும், நிமிர்ந்தால் போகலாம். ஓட்டுநருக்குப் பின்னால் நின்றபடி அதையே முறைத்துக்கொண்டிருப்பேன். கதவு திறந்திருக்கும், ஏற ஆள் இருக்காது, உள்ளே குளிர் காற்றுதான் வரும். விம்பிள்டனுக்கு நடுவில் இருப்பது மூன்றே நிறுத்தங்கள். அதற்கு இந்தப் பாடு.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1855-இல் விம்பிள்டனுக்கும் குராய்டனுக்கும் இடையே போட்ட ரயில் பாதை இது. பெரும்பகுதி அன்றைக்கே ஒற்றைத் தடம். 1997 மே மாதத்தோடு ரயிலை நிறுத்திவிட்டு, 2000 மே மாதம் அதே வழியில் டிராம் விட்டார்கள். எப்போதாவது வந்த ரயிலுக்கு ஒரு தடம் போதும். சில நிமிடத்துக்கு ஒன்று வரும் டிராமுக்கு எப்படிப் போதும்? இதே பாதையில் மிட்சம், மிட்சம் ஜங்ஷன் நிறுத்தங்களுக்கு இடையே 2012-இல் இரட்டைத் தடம் போட்டுவிட்டார்கள். இங்கே இன்னும் ஒன்றுதான். அதே சமயம், ரயில் காலத்தில் பிப்ஸ் பிரிட்ஜில் நிலையமே இருந்ததில்லை. டிராம் வந்ததால்தான் இங்கே ஏறவே முடிகிறது. இதை நினைத்துக் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வேன், அடுத்த ரயில் தவறும் வரைக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நடைமேடைக்கு அருகிலேயே மார்டன் ஹால் பூங்காவுக்குள் போகும் வழி இருக்கிறது. மாலையில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் போகாமல் அதற்குள் புகுந்துவிடுவேன். சதுப்புக்கு மேலே மரப்பலகைப் பாதை, நாணல், அப்பால் வாண்டில் ஆறு. ஒருநாள் சாம்பல் நாரை ஒன்று ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது. டிராம் கடந்து போன சத்தத்துக்குக் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. எனக்கும் அந்தப் பொறுமை இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நண்பருக்குக் கடைசியில் சொன்னது இதுதான்: விம்பிள்டனில் குறித்த ரயிலைப் பிடித்தே ஆக வேண்டிய வேலை என்றால் அந்த வீடு வேண்டாம். "அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள்?" என்றார். போன மாதம்தான் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. எப்படியும் வருவதென்றால், கட்டணத்துக்கான கார்டை நடைமேடையில் உள்ள கருவியிலேயே தொட்டுவிடச் சொன்னேன். டிராமுக்குள் அந்தக் கருவி கிடையாது.