கிளட்ச் பிளீடர் தேய்ந்தால் எதை மாற்றுவது: நிப்பிளையா, மரையையா, முழு ஸ்லேவையா?

ரிவர்ஸ் கியர் போடும்போது கர்ரென்று உரசுகிறது. பெடல் பாதிவரை சோர்வாக இறங்குகிறது. ஏர் எடுத்தால், அதாவது கிளட்ச் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால், சரியாகிறது, பத்து நாளில் மறுபடி பழைய கதை. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இப்படி வந்தால், ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டர்) பிளீடர் நிப்பிளைச் (காற்றை வெளியேற்றத் திறக்கும் துளையுள்ள திருகு) சுற்றி ஈரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் நான்கு வழிகள் உண்டு: நிப்பிளை மட்டும் மாற்றுவது, வால்வு வைத்த ஸ்பீட் பிளீடர் போடுவது, லேத்தில் கொடுத்து மரையைப் புதுப்பிப்பது, ஸ்லேவையே மாற்றுவது. வேலூரில் இருப்பவருக்கு இந்தத் தேர்வு இன்னும் முக்கியம். இந்த வகைக் கார்களுக்கான பாகம் ஆற்காடு ரோட்டுக் கடையில் அன்றைக்கே கிடைக்காது. 140 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலிருந்தோ, 210 கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரிலிருந்தோ வர வேண்டும். தவறான பாகத்தை வரவழைத்தால் கார் ஒரு வாரம் ஷெட்டில் நிற்கும்.

தேர்வுக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிளீடரில் கிளட்ச் ஆயிலை (டாட் 4 போன்ற பிரேக் ஆயில்) அடைத்து நிறுத்துவது மரை அல்ல, நுனியில் இருக்கும் கூம்பு. அந்தக் கூம்பு சிலிண்டருக்குள் இருக்கும் சிறு துளையின் வாயில், அதாவது சீட்டில், அழுந்தி உட்கார வேண்டும். மரையின் வேலை கூம்பை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. அதனால் மரை ஓரமாக ஆயில் கசிந்தாலும், நிப்பிள் துளை வழியாகக் கசிந்தாலும் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கூம்பு சீட்டில் சரியாக உட்காரவில்லை. டெஃப்லான் டேப் சுற்றினால் கசிவு நிற்காது. ஏர் எடுக்கும் நேரத்தில் மரை வழியாகக் காற்று உள்ளே போவதை அது குறைக்கும், அவ்வளவே. கூம்புவரை டேப்பைச் சுற்றினால் துண்டு பிய்ந்து லைனுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் முறை எளிது. ஸ்லேவைப் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து உலரவிடுங்கள். ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். நிப்பிளில் வெள்ளை டிஷ்யூ நனைந்தால் பிளீடர் பிரச்சினை. புஷ் ராடு (கிளட்ச் நெம்பைத் தள்ளும் கம்பி) நுழையும் இடத்திலுள்ள ரப்பர் உறையை, அதாவது பூட் என்பதை, விலக்கிப் பார்க்கையில் உள்ளே ஈரமாக இருந்தால் பிஸ்டனில் ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் போய்விட்டது. அந்த நிலையில் பிளீடரை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

நான்கில் முதலில் முயல வேண்டியது நிப்பிள் மாற்றுவதுதான். செலவு மிகக் குறைவு, ஸ்லேவைக் கழற்றவும் வேண்டாம். ஆனால் "பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது" என்று வாங்குவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஜப்பானிய, ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. பழைய பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்களில் அங்குல மரை. எம்10 அளவில் 1.0 மில்லிமீட்டர் பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) உள்ள துளையில் 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை உள்ள நிப்பிள் சில சுற்று ஏறும். அதன் விட்டம் 9.5 மில்லிமீட்டர்தான் என்பதால் ஆடிக்கொண்டே ஏறி, இறுக்கும்போது அலுமினிய மரையைத் தின்றுவிடும். பிட்ச் கேஜ், வெர்னியர் இரண்டும் இல்லாமல் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீளமும் பொருந்த வேண்டும். கூம்பு நுனியிலிருந்து அறுகோணத் தலைவரை உள்ள அளவு குறைந்தால், கூம்பு சீட்டைத் தொடும் முன்பே தலை சிலிண்டரில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பழையதைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. எஃகு நிப்பிளும் அலுமினிய உடலும் ஈரத்தில் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மூடி தொலைந்த கார்களில் இது நிச்சயம். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். ஆறு முனை சாக்கெட்டையே போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை உருட்டிவிடும். முதலில் நூலளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். தலை ஏற்கெனவே உருண்டிருந்தால், நிப்பிள் துளைக்குள் அதே தடிமன் உள்ள டிரில் பிட்டின் பின்புறத்தைச் செருகிவிட்டு கிரிப் பிளையர் பிடித்தால் நிப்பிள் நசுங்காது. வெளியே வந்த கூம்பைப் பாருங்கள். சுற்றிலும் முறியாத ஒரு வளையத் தடம் இருந்தால் சீட் நல்ல நிலையில் இருக்கிறது, புது நிப்பிள் போதும். வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் சீட்டில் கீறலோ பள்ளமோ உண்டு.

இறுக்கும் அளவு காருக்குக் கார் மாறும், மேனுவலைப் பாருங்கள். பொதுவாக 6 முதல் 10 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். பத்து சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் எட்டு கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு. கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்கியதால்தான் பல சிலிண்டர்களில் மரை போகிறது.

ஸ்பீட் பிளீடர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். பெடலை அழுத்தினால் ஆயில் வெளியேறும், விட்டால் வழி மூடிக்கொள்ளும். தனியாளாக ஏர் எடுப்பவருக்கு நல்ல வசதி. ஆனால் இறுக்கி மூடிய பிறகு இதுவும் அதே கூம்பை நம்பித்தான் நிற்கிறது. சீட் கெட்ட சிலிண்டருக்கு இது மருந்தாகாது. குண்டுக்கடியில் ஒரு துகள் சிக்கினாலே காற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

மரை வேலையைக் கவனமாக எடைபோட வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை, கைத்திறனும் உண்டு. எம்8 மரை போய்விட்டால் 9 மில்லிமீட்டர் துளை போட்டு எம்10, 1.0 பிட்ச் டேப் (மரை வெட்டும் கருவி) அடிக்கலாம். துளையைச் சுற்றிப் போதிய சதை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கை டிரில்லில் செய்தால் துளை சற்றுச் சாயும். சாய்ந்த மரையில் ஏறும் கூம்பு சீட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும். அதனால் சிலிண்டரை ஒரே முறை கவ்விப் பிடித்து, துளை, சீட், டேப் மூன்றையும் அதே நிலையில் முடித்துத் தரச் சொல்லுங்கள். போன மரைக்குப் பதிலாகக் கம்பிச் சுருள் இன்செர்ட் போட்டால் சுருளின் அடிவால் உடைந்து உள்ளே விழாமல் எடுத்தாக வேண்டும். எந்த முறையானாலும் பிஸ்டன், ஸ்பிரிங், கப் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகே துளை போடலாம். ஒரு அலுமினியச் சீவல் போதும், புது கப்பைக் கிழித்துவிடும். ஆகவே மரை வேலைக்குக் கொடுக்கும்போதே கப் கிட்டும் கையில் இருக்க வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் இது முதலில் தோன்றிய அளவு மலிவு அல்ல. பிளாஸ்டிக் உடல் கொண்ட ஸ்லேவுக்கு இந்த வழியே கிடையாது.

முழு ஸ்லேவ் மாற்றினால் சீட், மரை, கப், பூட் எல்லாம் புதிதாகக் கிடைக்கும். மாஸ்தா எம்எக்ஸ்-5 போல ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் கார்களில் இரண்டு போல்ட், ஒரு பைப் நட், அவ்வளவுதான் வேலை. பைப் நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள், சாதாரண ஓப்பன் ஸ்பேனர் அதை உருட்டிவிடும். இங்கே நடக்கும் பெரிய தவறு, அசல் கிடைக்கவில்லை என்று வேறு வண்டியின் ஸ்லேவைப் பொருத்துவது. 19.05 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) இருந்த இடத்தில் 20.64 மில்லிமீட்டர் போர் வந்தால் பரப்பு 17 சதவீதம் கூடுகிறது. அதே பெடலுக்குப் புஷ் ராடு 15 சதவீதம் குறைவாக நகரும். கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் உரசும். ஏர் இருக்கிறது என்று நினைத்து நாள்கணக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் முடிவு இது. வளையத் தடம் நன்றாக இருந்து, மரை இறுக்கத்தைத் தாங்கினால் நிப்பிள் மட்டும். சீட் கெட்டிருந்து, சரியான போர் அளவில் ஸ்லேவ் கிடைக்குமானால் முழு ஸ்லேவ். எங்கும் கிடைக்காத காருக்கு மட்டும் லேத். அப்போது போரும் தேய்ந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் (உலோக உட்குழாய்) போட்டுக்கொள்வதும் நல்லது. ஸ்பீட் பிளீடர் இவற்றில் எதற்கும் மாற்று அல்ல.

எதைப் போட்டாலும் கடைசி வேலை ஏர் எடுப்பது. கிளட்ச் லைனில் ஆயில் கொஞ்சம்தான், அரை லிட்டர் பாட்டில் தாராளம். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 155 வரை இறங்கும். வேலூர் வெயிலில், எக்ஸாஸ்ட் அருகே ஓடும் லைன் உள்ள காரில், பழைய ஆயிலோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் பெடல் தளர்வது இதனால்தான். திறந்து பல மாதமான பாட்டிலைத் தொடாதீர்கள். டாட் 5 சிலிக்கோன் ஆயிலை இதோடு கலக்கக் கூடாது.

பெடலால் எடுக்கும்போது அழுத்தி, திறந்து, மூடி, பிறகே பெடலை விட வேண்டும். கிளட்ச் ஆயில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். நிப்பிள் உச்சியில் இல்லாத ஸ்லேவில் காற்று மேலே தங்கிவிடும். அதற்கு நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ளும் முறைதான் பலன் தரும். ஐடா ஸ்கடர் ரோட்டு மருந்துக்கடைகளில் 50 மில்லி சிரிஞ்ச் சுலபமாகக் கிடைக்கும். ட்ரிப்ஸ் குழாய் ஒல்லி, நிப்பிளில் ஏறாது. பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற பெட்ரோல் டியூப் சரியாகப் பொருந்தும். குழாயில் காற்று இல்லாமல் நிரப்பி, மெதுவாகத் தள்ளுங்கள். முதலில் டேங்கிலிருந்து பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும், இல்லையேல் பொங்கிப் பெயின்ட் மேல் வழியும். வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மூடி இறுக்கியதும் நிப்பிளின் துளையில் தங்கிய ஆயிலை ஊதி உலர்த்துங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அதையே கசிவு என்று நினைப்பீர்கள். பெடலை ஒரு நிமிடம் பிடித்து டிஷ்யூவால் மறுபடி சோதித்துவிட்டு, புது ரப்பர் மூடியை மாட்டுங்கள்.