ஜிஆர்இயா, ஜிமேட்டா, கேட்டா, எதுவும் எழுதாமலேயா? யாருக்கு எந்த வழி

மூன்றாம் வருடப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "சார், இப்பல்லாம் ஜிஆர்இ வேண்டாம்னு சொல்றாங்களே, எழுதணுமா?" வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் பொதுப் பரீட்சைதான் ஜிஆர்இ. நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "எந்தெந்த யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணப் போறே? லிஸ்ட் இருக்கா?" பெரும்பாலும் இருக்காது. சீனியர் ஒருவர் எழுதச் சொல்லியிருப்பார், யூடியூபில் ஒருவர் வேண்டாம் என்றிருப்பார், கோச்சிங் சென்டரில் உடனே சேரச் சொல்லியிருப்பார்கள். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கட்டி, மூன்று மாதம் உட்கார்ந்து படித்து எழுத வேண்டிய பரீட்சை இது. அதை இப்படி நாலு பேர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் ஜிஆர்இ, எம்பிஏவுக்கான ஜிமேட், நம் நாட்டு எஞ்சினியரிங் முதுகலைப் பரீட்சையான கேட் (GATE), எதுவும் எழுதாமல் போவது என்ற நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

டோஃபல், ஐஈஎல்டிஎஸ் இரண்டும் ஆங்கிலம் தெரியுமா என்று பார்க்கும் பரீட்சைகள். அவற்றின் கணக்கு தனி. இங்கே அந்தப் பேச்சு இல்லை.

பரீட்சை எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் ஒருவர் 7.8 சிஜிபிஏ வாங்கியிருக்கிறார். அது பல்கலைக்கழகமே வினாத்தாள் எடுத்து, வெளியாட்கள் திருத்தும் இணைப்புக் கல்லூரி. இன்னொருவர் தன் கல்லூரியே வினாத்தாள் எடுத்துத் திருத்தும் தன்னாட்சிக் கல்லூரியில் 9.2. இருவரில் யார் கெட்டி என்று நமக்கு ஓரளவு தெரியும். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களோடு அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்குத் தெரியாது. ஐஐடி என்றால் தெரியும், கிண்டி தெரியலாம், என்ஐடி தெரியலாம். அங்கிருந்து வருடாவருடம் பிள்ளைகள் போயிருக்கிறார்கள், எப்படிப் படித்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். நம் சிறுநகரத்துக் கல்லூரியிலிருந்து இதுவரை யாருமே அங்கே போயிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலுக்குச் சாட்சி சொல்ல அங்கே ஆள் இல்லை. திருநெல்வேலியில் எழுதினாலும் பெய்ஜிங்கில் எழுதினாலும் ஒரே அளவுகோலில் வரும் எண் ஒன்று வேண்டியிருக்கிறது. பரீட்சை எழுதுவதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஜிஆர்இ: பல கதவுக்கு ஒரே சாவி

2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ பாதியாகச் சுருங்கிவிட்டது. முன்பு கிட்டத்தட்ட 3 மணி 45 நிமிடம் உட்கார வேண்டும். இப்போது 1 மணி 58 நிமிடம். ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம், வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதியில் 27 கேள்விகள், க்வாண்ட் என்ற கணக்குப் பகுதியில் 27 கேள்விகள். வெர்பலுக்கும் க்வாண்டுக்கும் தனித்தனியாக 130 முதல் 170 வரை மதிப்பெண். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையாது, திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. ஒரு பகுதிக்குள் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரலாம். முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த பகுதி கடினமாகவோ சுலபமாகவோ வரும்.

கணக்கு நமக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைக்கும் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். ஒரு மிகை எண் இருக்கிறது. இடது பக்கம் அந்த எண்ணின் வர்க்கம், வலது பக்கம் அந்த எண். எது பெரிது? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் உடனே "வர்க்கம்தான் சார்" என்பார்கள். மனதில் மூன்றைப் போட்டிருப்பார்கள்: ஒன்பது, மூன்று. சரி, அரையைப் போடுங்கள். வர்க்கம் கால்; எண்ணே பெரிது. ஒன்றைப் போட்டால் இரண்டும் சமம். விடை, "கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது." இதில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் இல்லை. பார்ப்பதெல்லாம், பதில் சொல்லும் முன் ஒரு நொடி நின்று யோசிக்கிற பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான். சூத்திரம் மனப்பாடம் செய்து நான்கு வருடம் ஓட்டிய பிள்ளைக்கு இந்த மூன்று மாதத் தயாரிப்பே ஒரு படிப்பு என்று நான் உண்மையிலேயே நம்புகிறேன்.

வெர்பலை நம் எஞ்சினியரிங் பிள்ளைகள் கைகழுவி விடுகிறார்கள். அது தப்பு. வெர்பலில் 160 வாங்கியவர், எழுதியவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைத் தாண்டி நிற்கிறார். அதே 160 க்வாண்டில் வாங்கினால் ஏறக்குறைய கூட்டத்தின் நடுவில் இருக்கிறார், அவ்வளவுதான். க்வாண்டில் எல்லோரும் நன்றாக வாங்குவதால் அங்கே உங்களைத் தனியாகத் தெரிய வைப்பது கஷ்டம். தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் நல்ல நீண்ட கட்டுரைகளைப் படித்துவந்த பிள்ளைக்கு வெர்பலில் அது முடியும். சொற்பட்டியலை மட்டும் உருப்போட்டால் முடியாது.

ஜிஆர்இயின் பெரிய பலம், ஐந்து வருடம் செல்லும் என்பது. கடைசி வருடத்தில் எழுதிவிட்டு, வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருடம் வீட்டுக் கடனையோ தங்கை கல்யாணத்தையோ பார்த்துவிட்டு, அப்புறம் அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். எம்எஸ்ஸா, பிஎச்டியா, எம்பிஏவா என்று முடிவாகாத பிள்ளைக்கும் இதுதான் பொருத்தம். பிசினஸ் ஸ்கூல்களில் பெரும்பாலானவை இதை ஏற்கின்றன. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் எம்பிஏவுக்கு ஜிஆர்இ, ஜிமேட் இரண்டில் எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கின்றன.

ஜிமேட்: எம்பிஏதான் என்று முடிவானவர்களுக்கு

ஜிமேட்டும் மாறிவிட்டது. 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது. தலா 45 நிமிடமாக மூன்று பகுதிகள்: க்வாண்ட், வெர்பல், தகவல்களை அலசி முடிவெடுக்கும் டேட்டா இன்சைட்ஸ். கட்டுரை கிடையாது, வடிவியலும் கிடையாது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று விடைகள் வரை திருத்தலாம். கால்குலேட்டர் டேட்டா இன்சைட்ஸில் மட்டும்.

இங்கே கேள்வியின் சுபாவமே வேறு. ஒரு எண் மிகை எண்ணா? முதல் தகவல்: அதன் வர்க்கம் 9. இரண்டாம் தகவல்: அதன் கனம் 27. எண்ணைக் கண்டுபிடி என்று கேட்பதில்லை. முடிவெடுக்க எந்தத் தகவல் போதும் என்று கேட்கிறார்கள். வர்க்கம் 9 என்றால் அது மூன்றாகவும் இருக்கலாம், கழித்தல் மூன்றாகவும் இருக்கலாம், போதாது. கனம் 27 என்றால் மூன்று மட்டும்தான், அதுவே போதும். தேவையில்லாத தகவலை ஒதுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நிர்வாகப் படிப்புக்கு இது சரியான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

சீனியர்கள் பேச்சைக் கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். பழைய ஜிமேட்டில் 700 என்பது பெரிய எண். புதிய ஜிமேட்டின் அளவு 205 முதல் 805 வரை, எல்லா மதிப்பெண்ணும் 5இல் முடியும். பழைய 700க்கு இப்போது கிட்டத்தட்ட 645தான் சமம். இது தெரியாமல் 655 வாங்கிவிட்டு அழுத பெண்ணை எனக்குத் தெரியும். நல்ல மதிப்பெண்ணம்மா அது என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

எம்பிஏவைத் தவிர வேறெதற்கும் போகப் போவதில்லை என்றால் ஜிமேட் எழுதுங்கள். பிசினஸ் ஸ்கூல்களில் உதவித்தொகை முடிவாகும்போது நல்ல ஜிமேட் மதிப்பெண்ணுக்கு மரியாதை உண்டு. கட்டணம் ஜிஆர்இயை விடக் கூட. இதற்கும் ஐந்து வருடம் செல்லுபடி.

கேட்: நம் கையிலேயே இருக்கும் வழி

வெளிநாடு என்றவுடன் யாரும் கேட் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சில முதுகலைப் படிப்புகளில், இந்தியாவில் பட்டம் வாங்கியவர்களிடம் ஜிஆர்இ அல்லது கேட் கேட்பதுண்டு. சிங்கப்பூரின் என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் எஞ்சினியரிங் ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு கேட் மதிப்பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். கட்டணம் ஜிஆர்இயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூன்று வருடம் செல்லும். மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம். 2021 முதல் அந்த அனுமதி இருக்கிறது. நல்ல ரேங்க் வந்தால் ஐஐடி எம்டெக், பொதுத்துறை வேலை என்று உள்ளூர்க் கதவுகளும் திறக்கும்.

ஆனால் அது முழுக்க வேறு மாதிரியான பரீட்சை. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண், கொடுத்த விடைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். அதில் பெரும்பகுதி உங்கள் துறைப் பாடம்தான். தெர்மோடைனமிக்ஸும் சிக்னல்ஸும் நிஜமாகவே புரிந்த பிள்ளைக்கு ஜிஆர்இயை விட இதில்தான் தன்னைக் காட்ட முடியும். அமெரிக்காதான் போக வேண்டும் என்றால் இது பெரிதாக உதவாது. ஜெர்மனியோ சிங்கப்பூரோ போக நினைப்பவர், வீட்டில் பணம் இல்லாதவர், பாடத்தில் பிடிப்புள்ளவர்: இவர்களுக்கு முதலில் கேட்டைத்தான் சொல்வேன்.

எதுவும் எழுதாமல்

2020இல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியபோது நிறையத் துறைகள் ஜிஆர்இ வேண்டாம் என்றன. அதற்கு முன்பே அமெரிக்க உயிரியல் துறைகளில் பல, இந்த எண் நல்ல ஆராய்ச்சியாளரைக் காட்டுவதில்லை, வசதியில்லாதவர்களை வடிகட்டிவிடுகிறது என்று சொல்லிக் கைவிடத் தொடங்கியிருந்தன. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான முதுகலைப் படிப்புகளுக்கு ஆரம்பத்திலிருந்தே இது தேவைப்படவில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் பொருளாதார எம்எஸ்சி போன்றவை விலக்கு.

ஆனால் ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "கட்டாயம்" என்றால் பேச்சே இல்லை. "ஏற்பதில்லை" என்றால் 340க்கு 340 வாங்கினாலும் பார்க்க மாட்டார்கள். எம்ஐடியின் மின்னியல், கணினித் துறை அப்படித்தான். அந்த மாதிரி இடங்கள் மட்டுமே லிஸ்டில் இருந்தால் பரீட்சைக்கு ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். அந்த மூன்று மாதத்தை ஒரு நல்ல ப்ராஜெக்டில் போடுங்கள்.

குழப்பம் "விருப்பம் இருந்தால் அனுப்பலாம்" என்ற இடத்தில்தான். இதைப் பலர் "வேண்டாம்" என்று படிக்கிறார்கள். அது எல்லோருக்கும் ஒன்றல்ல. பெயர் தெரிந்த கல்லூரி, 9க்கு மேல் சிஜிபிஏ, வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, உங்களை நிஜமாகவே அறிந்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் இருந்தால் அனுப்பாமல் விடலாம். நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்" என்பார்கள். நாற்பது பேருக்கு ஒரே மாதிரிக் கடிதம். சிஜிபிஏவும் சுமார், கடிதமும் சுமார், கல்லூரியும் தெரியாத பெயர் என்றால், பரீட்சையையும் விட்டுவிட்டால் அந்த விண்ணப்பத்தில் உங்களுக்காகப் பேச என்ன மிச்சம் இருக்கிறது? அந்தப் பிள்ளை கட்டாயம் எழுத வேண்டும்.

இப்படி ஒரு பையன் என்னிடம் இருந்தான். இரண்டாம் வருடத்தில் அப்பா படுத்துவிட்டதால் இரண்டு அரியர், 7.1 சிஜிபிஏ. ஜிஆர்இயில் 324 வந்தது, வெர்பல் 157. விண்ணப்பக் கட்டுரையில் அந்த வருடம் என்ன நடந்தது என்று நான்கே வரியில் எழுதினான். மதிப்பெண் அந்த நான்கு வரிக்கு முட்டுக் கொடுத்தது. எட்டு இடத்துக்குப் போட்டு இரண்டில் கிடைத்தது.

மதிப்பெண் சரியாக வராவிட்டால்? விருப்பம் என்று போட்ட இடங்களுக்கு அனுப்பாமல் விடுங்கள். எந்தத் தடவை எழுதியதை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஜிஆர்இயில் உங்களுக்கு உண்டு. 21 நாள் இடைவெளியில் திரும்ப எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து தடவை வரை. ஆனால் இரண்டாவது தடவைக்கும் முழுக் கட்டணம். அதனால் பணம் கட்டுவதற்கு முன், ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்ப்ரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை, வீட்டில் ஃபேனை மட்டும் போட்டுக்கொண்டு ஃபோனை அணைத்துவிட்டு, நிஜப் பரீட்சை போலவே எழுதிப் பாருங்கள். ஜிமேட்டுக்கும் அதே போல இரண்டு இலவசத் தேர்வுகள் உண்டு. இரண்டையும் ஒவ்வொரு முறை எழுதினால் எது உங்களுக்குக் கைவரும் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். எந்தக் கோச்சிங் சென்டரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் ஆகஸ்ட்–செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளுக்கு விண்ணப்பக் கடைசித் தேதி பெரும்பாலும் முந்தைய டிசம்பர், ஜனவரியில் வரும். ஆகஸ்டுக்குள் முதல் தடவை எழுதிவிட்டால் இன்னொரு தடவைக்கு இடம் இருக்கும். நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பும் வசதியைப் பரீட்சை அன்றே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அதனால்தான் லிஸ்டை முதலில் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரியது. சான்றிதழில் நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது; அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பரீட்சைக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரு எழுத்துப் பிசகாமல் பெயர் இருக்க வேண்டும். ஒரு பையன் சான்றிதழைப் பார்த்து இனிஷியலோடு பதிவு செய்துவிட்டு, ராத்திரி பஸ் பிடித்துப் போய், மைய வாசலிலிருந்து திரும்பி வந்தான். கட்டணமும் போயிற்று. பணம் கட்டும் பக்கத்தைத் திறக்கும்போது பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.