மினி கம்ப்யூட்டர் சிமாஸ் பேட்டரி: ஒயர் வைத்ததா, வெறும் செல்லா?

காலையில் ஆன் செய்ததும் தேதி பல வருஷம் பின்னால் நிற்கிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிமாஸ் பேட்டரி, அதாவது கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும், போர்டிலுள்ள குட்டிச் செல். வேலூர்க் கடைகளில் இது சீக்கிரம் தீர ஒரு காரணம், இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம். அடாப்டரில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும். அணைத்த நேரமெல்லாம் பேட்டரி தலையில்தான். 220 மில்லிஆம்பியர்-அவர் செல்லிலிருந்து 5 மைக்ரோஆம்பியர் விடாமல் போனால் ஏறக்குறைய 5 வருஷம் தாங்கும்.

வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். பெரிய கம்ப்யூட்டர் போர்டில் இருப்பதுபோல செல்லைச் செருகும் ஹோல்டர் இருந்தால் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவச் செல் போதும், காந்தி ரோட்டிலேயே வேலை முடியும். சிஆர்2025 பொருந்துவதுபோல இருந்தாலும் 3.2 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 2.5 மி.மீ.தான், தொடுப்பு தளர்ந்து தேதி மறுபடி போகும். அடியில் காகிதம் மடித்து வைப்பது தொடுப்பையே மறைத்துவிடும்.

இன்டெல் நக் போன்ற மினி கம்ப்யூட்டர்களில் செல்லுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு ஒயரும் குட்டி கனெக்டருமாக வரும். இதற்கு ரெடிமேடாக ஒயர் வைத்த செல்லையே வாங்குங்கள். வெறும் செல்லில் ஒயரைச் சாலிடர் வைப்பது மலிவு என்று பலர் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் சீல் உருகும், செல் கசியும், வெடிக்கவும் கூடும். பற்றவைத்தே ஆகவேண்டுமென்றால், தகடு வெல்டிங் செய்து வரும் செல்லை வாங்கி அந்தத் தகட்டில் பற்றவையுங்கள்.

ரெடிமேடிலும் ஒரு பொறி உண்டு. கனெக்டர் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சிவப்பும் கறுப்பும் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஊசிமுனையால் கனெக்டரின் நாக்கை விடுவித்து ஒயர்களை இடம் மாற்றிச் செருகலாம். புதிய செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 இதற்கு ஆகாது. முழு சார்ஜில் 4.2 வோல்ட், கொள்ளளவோ 40 மில்லிஆம்பியர்-அவர் அளவுதான். போர்டில் அதை சார்ஜ் செய்யும் வழியும் இல்லை. அதே அளவிலுள்ள இன்னொரு வகைச் செல்லான பிஆர்2032 கதை வேறு: கொள்ளளவு கொஞ்சம் குறைவு, சூட்டை நன்றாகத் தாங்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் நாள் முழுக்க ஓடும் பெட்டிக்கு அது தகும். ஏசி அறைக்கு சிஆர் போதும்.

பேட்டரியே இல்லாமல் இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதும் ஒரு வழி. பில் போடும் கம்ப்யூட்டரில் அது ஆபத்து. நெட் வரும் முன் போட்ட பில்லில் தேதி தப்பாக ஏறும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) வைத்திருக்கும், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பும் அழியக்கூடும்.

மாற்றும்போது அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒயரை இழுக்காமல் கனெக்டரை மூங்கில் பல்குச்சியால் நெம்பி எடுங்கள். டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பயாஸ் அமைப்பு மாறினால் அதைக் கேட்கக்கூடும். மாட்டியபின் பயாஸில் தேதி, நேரம், பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது) மூன்றையும் சரிசெய்து, மெயினை அரைமணி நேரம் அணைத்து வைத்துப் பார்த்தபிறகு மூடி ஸ்க்ரூவை முறுக்குங்கள்.